ஜன்னல் பார்க்க வந்தவர்

யார் செடி கேட்டாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"உங்க வீட்டு ஜன்னலு எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. சாமி மேடை கிழக்கு பார்த்திருப்பது தெரியும். வாசல் எந்தத் திசை என்பதும் தெரியும். வீடு வாங்கும்போது அதற்கென்றே ஒருவரை அழைத்து வந்து காட்டியிருப்பார்கள். ஜன்னலின் திசையை எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. இரும்புக் கம்பி அடிக்கவும் திரை தொங்கவிடவும் உள்ள இடம் அது, அவ்வளவுதான். "தெரியலையேக்கா" என்று யாராவது இழுத்தால், "அப்ப நானே வந்து பாக்குறேன்" என்பார். சொன்னபடி வந்தும் விடுவார்.

எங்கள் தாமானில் கடைசி வீடு அவருடையது. சிரம்பானிலிருந்து தம்பின் என்ற ஊருக்குப் போகும் சாலையில், ரப்பர்-செம்பனைத் தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு ஈடாகக் கிடைத்த குடியிருப்பு அது. நான் அங்கிருந்து மாறி வந்து சில மாதங்கள் ஆகின்றன. தோட்டத்தைப் பற்றியும் தாமானைப் பற்றியும் எழுதி வைக்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் இவர்தான் முன்னால் வந்து நிற்கிறார்.

கணவர் லோரி ஓட்டியவர். மகள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அக்கா இளவயதில் தோட்டத்துச் செம்பனை நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சியவர். தோட்டம் கைமாறிய பிறகு சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்கு பஸ் ஏறிப் போய், பஸ் ஏறித் திரும்பி, அங்கேயே ஓய்வும் பெற்றார். ஒரே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்துகொடுத்தார்.

செடிப் பைத்தியம் பிடித்தது அதற்குப் பிறகு, தொற்றுநோயால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்த காலத்தில். பாதிப்பேர் ரொட்டி சுட்டார்கள், மீதிப்பேர் செடி வளர்த்தார்கள். அக்கா யாரோ ஓர் இந்தோனேசியப் பெண்ணின் காணொளிகளைப் பார்த்து, தடித்த இலைச் செடிகளாக வரவழைத்தார். சக்கலென்ட் என்று கடையில் சொல்வார்கள். தனக்கு வேண்டிய தண்ணீரை இலைக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்கிற சாதி. வந்ததெல்லாம் அழுகிச் செத்தது. காலையும் மாலையும் ஊற்றிப் பழகிய நாற்றங்கால் கை, சும்மா இருக்கத் தெரியவில்லை.

"நான் கொன்னத நட்டு வச்சா ஒரு நெரை வரும் தம்பி" என்று என்னிடம் சொல்வார். ரப்பர் மரங்களை நிரை நிரையாகப் பார்த்து வளர்ந்தவர்களின் கணக்கு அது.

கொன்று கொன்றுதான் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதும் அந்தக் கை ஒரேயடியாக இறுகிவிட்டது. புதிதாகச் செடி வாங்குபவர்களிடம், சாத்தே இறைச்சி குத்துகிற மூங்கில் குச்சி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார். தொட்டியின் அடிவரை அதைச் செருகி எடுக்க வேண்டும். மண் ஒட்டி ஈரமாக வந்தால் செடியைத் தொடக்கூடாது. காய்ந்து சுத்தமாக வந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றிவிட்டு, மறுபடி மறந்துவிட வேண்டும். தொட்டியில் ஓட்டை இல்லையென்றால் செடியே கிடையாது. கடை மண்ணை அப்படியே போடக்கூடாது. பாதிக்குப் பாதி கரடு மணலும் கருக்கிய உமியும் கலக்க வேண்டும்.

"பாவம், வாடி நிக்குதேக்கா" என்று யாராவது கவலைப்பட்டால் கோபம் வரும்.

"தண்ணி இல்லாம செத்ததுன்னு ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க. நான் மொட்ட போட்டுக்குறேன். எல்லாம் ஊத்தி ஊத்திச் செத்ததுதான். பாசம் காட்றேன்னு கொன்னுப்புடுறீங்க லா."

எங்கள் வீட்டுக்கு ஜன்னல் பார்க்க வந்தது ஒரு தைப்பூசத்துக்கு அடுத்த வாரம். வாசலில் செருப்பைக் கழற்றியவர், வாங்க என்று என் மனைவி சொல்லி முடிப்பதற்குள் கூடத்து ஜன்னலுக்குப் போய், திண்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"என்னக்கா, கை ஜோசியமா?" என்று மனைவி கேட்டாள்.

"நெழலு பாக்குறேன். ஓரம் கத்தில வெட்டுன மாதிரி விழுந்தா எந்தச் செடியும் பொழைக்கும். மசமசன்னு விழுந்தா சிலதுதான் பொழைக்கும். நெழலே விழலன்னா பேசாம பிளாஸ்டிக் பூ வாங்கிக்குங்க."

எனக்குப் புத்தக அலமாரி மேல் வைக்க ஆசை. அங்கேயும் கையை நீட்டிப் பார்த்தார். நிழல் இல்லை.

"புஸ்தகம் வெளிச்சமில்லாம உசுரோட இருக்கும் தம்பி. இது இருக்காது."

அப்புறம்தான் உட்கார்ந்தார். தேத்தண்ணி குடித்தார், வடை சாப்பிட்டார், இன்னொரு வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எந்த வீட்டிலும் கூச்சமில்லாமல் சாப்பிடக்கூடியவர். இதை இங்கே குறித்து வைப்பது அவசியம்.

கோயில் செயலாளர் கேட்டபோதும் இதே பரீட்சைதான். கோயில் அலுவலகம் புதிதாகக் கட்டியது. குளிரூட்டி உண்டு, ஜன்னல் கிடையாது. அக்கா மேசைக்கு மேல் கையை நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் கலங்கலாக ஏதோ விழுந்தது.

"ஆகாது."

"கோயிலுக்கே இல்லன்றீங்களா?"

"சாமிக்குன்னா குடுப்பேன். நீங்க கேக்குறது உங்க ஏர்கோனுக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளருக்குச் சுருக்கென்றது. "கள்ளிச் செடிக்கு மாப்புள வூடு பாக்குற ஒரே ஆளு நீங்கதான்லா" என்றார்.

"மகளுக்கு மாப்புள பாக்கறப்ப பாக்காம விட்டுட்டேன். அதான் இப்ப பாக்குறேன்" என்றார் அக்கா.

மறுபடியும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன்.

நடமாட்டக் கட்டுப்பாடு வருவதற்கு முந்திய ஆண்டு, ஆவணியில், சிரம்பானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் செண்டாயானில் புதிய மாடிவீடு வாங்கியவர்கள். மாப்பிள்ளையின் தாத்தா வேறொரு தோட்டத்தில் கிராணியாக, கூலிக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். கிராணி வீடு, லயத்து வீடு என்ற பேச்செல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுக்கும் நேரம். பெண்ணின் தாய்மாமன், அதாவது அக்காவின் தம்பி, தன் பிள்ளைகளோடும் சொந்தக்காரர்களோடும் மேடையில் ஏறி நின்றார். அப்போது, "தோட்டத்து ஆளுங்க கொஞ்சம் கீழ எறங்குங்க, படத்துல எடம் பத்தல" என்று ஒரு குரல் வந்தது. பெண் குரல். மாப்பிள்ளையின் அம்மா நின்ற பக்கத்திலிருந்து வந்தது. அவர் வாயிலிருந்தே வந்ததா, பக்கத்தில் நின்ற யாருடையதா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்காவுக்கு அதில் சந்தேகம் இல்லை.

தாய்மாமன் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். அக்கா இறங்கவில்லை. சம்பந்தியம்மாவைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி, "இனிமே உங்க வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார்.

பிறகு அந்தத் தாய்மாமனே பலமுறை சொல்லிப் பார்த்தார். "நானே மறந்துட்டேன், உனக்கு என்னக்கா? படத்துல நான் இல்லாததும் நல்லதுதான், என் தொப்ப தெரியல." அக்கா அசையவில்லை. சபையில் சொன்ன சொல்.

கை நனைக்க மாட்டேன் என்றால் சோறு மட்டும் அல்ல. தேத்தண்ணி கிடையாது, பச்சைத் தண்ணீர் கிடையாது, ஒரு பிஸ்கட்டுகூடக் கிடையாது. அதை அறிவித்துவிட்டு மகள் வீட்டுக்கு எப்படிப் போவது? போனால் உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்தால் ஏதாவது கொண்டு வந்து வைப்பார்கள். தொடாமல் எழுந்து வந்தால் ஒவ்வொரு முறையும் அந்தச் சண்டையை மறுபடி போடுவது மாதிரி. முதலில் நடமாட்டக் கட்டுப்பாடு இந்தச் சிக்கலை மறைத்துக் கொடுத்தது. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு மகள் கர்ப்பமானாள். மூன்றாம் மாதம் அது தங்கவில்லை. அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் செண்டாயானுக்கு அழைத்துப் போனேன். மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தார். சம்பந்தியம்மா சூடாகப் பால் கலந்த தேத்தண்ணி கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். வைத்தது வைத்தபடியே இருந்தது. மேலே ஆடை படிந்தது. நாங்கள் கிளம்பும்போது சம்பந்தியம்மா அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"இப்பிடிப்பட்ட நேரத்துல வந்தவங்க தண்ணிகூட தொடாம போனா அந்த வூட்டுக்கு நல்லதில்லன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

அதற்குப் பிறகு அக்காவால் அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. மருமகனுக்கு மாறி மாறி ஷிப்ட் வேலை. மகளுக்கும் கார் ஓட்டப் பயம். வீடியோவில் பார்த்துக்கொள்வார்கள். "மொகத்துல ஒண்ணும் தெரியல தம்பி. லைட்ட போட்டுக்கிட்டு சிரிக்கிது" என்று என்னிடம் சொல்லுவார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு அந்த வீட்டுக்குள் போக வேண்டும். அக்காவின் வாழ்க்கையில் அப்போது வேறு தேவை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சீனப் பெருநாள் விடுமுறையில் ஒருநாள் காலையில் வந்து, "செண்டாயானுக்கு ஒரு செடி குடுக்கணும்" என்றார்.

கையில் இருந்தது எச்சிவேரியா. தாமரை மாதிரி அடுக்கடுக்காக விரிந்தது, பார்க்க அழகானது. புதிதாக வளர்க்க ஆசைப்படும் யாருக்கும் அவர் தராத செடி. "இந்த ஊரு புழுக்கத்துல, அதுவும் வூட்டுக்குள்ள, இதுக்கு ஆகவே ஆகாது. மொதல்ல ஹாவர்த்தியா வளத்துப் பழகுங்க. குட்டையா, வரி போட்டிருக்கும். கொஞ்ச வெளிச்சத்துலயே பொழைக்கும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டுக் கூடத்தில் கனத்த திரைகள், பகலிலும் விளக்கு. அக்கா உள்ளே போனார். கையை நீட்டவில்லை. நேராகப் போய்த் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் செடியை வைத்துவிட்டு, மகளிடம், "வாரம் ஒரு தடவ மறக்காம தண்ணி ஊத்து பாப்பா" என்றார். குச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. வேறு யாரோ அவர் வாயால் பேசுகிற மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் மகளிடமிருந்து படம் வந்தது. செடி வெளுத்து, கழுத்து நீண்டு, அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன.

"பாப்பா வூட்டு செடி சொகமில்லையாம். போயி பாத்துட்டு வரணும்" என்றார் அக்கா. சாகிற செடியைப் பற்றி அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. மகள் வீட்டுக் கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மண் மூட்டையை அவிழ்த்து, இரண்டு கையையும் மண்ணுக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகள் எதிரே உட்கார்ந்தாள். அழுகிய வேரை நறுக்குவதும் மண் மாற்றுவதும் கால் மணி நேர வேலை. அக்கா அதைப் பகல் முழுவதும் செய்தார். மகளின் சாப்பாட்டைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, மருமகனைப் பற்றி எல்லாம் அந்த மண்ணுக்கு மேலேயே பேசி முடிந்தது. நடுவில் சம்பந்தியம்மா வந்து, "தேத்தண்ணி போடவா?" என்றார்.

"கை மண்ணா இருக்குங்க சம்மந்தி."

"சரி."

அவ்வளவுதான். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் தேத்தண்ணி குடிக்காமல் போனால் யாரும் மனம் நோவதில்லை. அக்காவும் விருந்தாளியாக வரவில்லை, வேலையாக வந்திருக்கிறார். சொன்ன சொல்லும் காப்பாற்றப்பட்டது, அந்த வீட்டின் மரியாதையும் கெடவில்லை. எனக்கு மட்டும் ஒரு கோப்பை வந்தது. நான் இரண்டு பேர் சார்பிலும் குடித்தேன்.

இப்படியே ஓடியது. ஒன்று செத்தால் இன்னொன்று, அதே சாதி, அதே இடம். மகளும் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "மா, நீ செடியப் பாக்க வர்றியா, என்னப் பாக்க வர்றியா?" என்று கேட்டாள். "செடியத்தான். உன்னைய எதுக்குப் பாக்கணும், நீயென்ன பூக்கவா போற" என்றார் அக்கா. திரும்பும் வழியில் நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஒரு ஹாவர்த்தியா குடுத்தா நிக்குமேக்கா?"

"நீங்க ரோட்டப் பாத்து வண்டிய ஓட்டுங்க தம்பி."

தீபாவளி முடிந்த மறுவாரம் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் இன்னும் முறுக்கு டப்பாக்கள் இருந்தன. சம்பந்தியம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். அக்கா செய்தித்தாளை விரித்தார். மகள் செத்த செடியைத் தொட்டியோடு எடுத்து வந்து தாளின் மேல் வைத்துவிட்டு, எதிரே உட்காராமல் நின்றாள்.

"மா, இனிமே கொண்டாராத."

"ஏன் பாப்பா?"

"வேணாம்மா. என் கையில எதுவுமே தங்க மாட்டேங்குது."

அழவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சம்பந்தியம்மா குத்திக் காட்டுகிறவராக இல்லை, உண்மையாகவே கலங்கியவராகச் சொன்னார்: "எனக்கும் அந்த நெனப்புதான். இவ கைன்னு இல்ல. இந்த வூட்லயே எதுவும் தங்க மாட்டேங்குது. குடி வந்ததுலேர்ந்து பாக்குறேன். ஐயரக் கூப்பிட்டு ஒரு பூச போடலாம்னு இருக்கேன்."

அக்காவின் கைகள் மண்ணுக்குள் நின்றுவிட்டன. நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அக்கா எழுந்தார். கையைத் துடைக்காமலே தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"இங்க வா பாப்பா. நெழலு விழுதா?"

"இல்ல."

திரையைத் தள்ளினார். வெளியே கார் நிறுத்தும் இடத்தின் கூரை. "இப்ப?"

"லேசா. சரியாத் தெரியல."

மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு மேலே பின்பக்கத்து ஜன்னல், கிழக்கு பார்த்தது. முற்பகல் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா கையை நீட்டினார். சிங்க்கின் விளிம்பில் ஐந்து விரலும் தனித்தனியாக விழுந்தன.

"இது நான் எல்லா வூட்லயும் செய்றது. ஒன் வூட்ல மட்டும் செய்யல. அந்த எடத்துல பொழைக்காதுன்னு தெரிஞ்சுதான் வச்சேன். வீட்டுக்குள்ள வளராத சாதியாப் பாத்துதான் கொண்டாந்தேன். வாரா வாரம் ஊத்தச் சொன்னதும் அழுவட்டும்னுதான். ஒன் கை இல்ல பாப்பா, இந்த வூடும் இல்ல. எல்லாம் நான்."

"ஏம்மா?"

"செத்தாத்தான நான் வர முடியும்."

சம்பந்தியம்மாவின் விரல்களுக்கிடையே உருவாத கறிவேப்பிலைக் காம்பு ஒன்று அப்படியே இருந்தது. அக்கா அவரைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தே, எல்லாருக்கும் சொல்கிற பாடத்தைச் சொல்லி முடித்தார். இந்த இடம். ஓட்டை உள்ள தொட்டி. குச்சி காய்ந்து வந்தால்தான் தண்ணீர். இலையின் நடுவில் ஊற்றக்கூடாது. வாடினாலும் பயப்படக்கூடாது.

காரில் ஏறி, நீலாய்க்கு வழி காட்டும் பலகையைத் தாண்டினோம். பிறகு, "புள்ளய எழந்து உக்காந்திருந்தவ கையில, சாவுறதாப் பாத்துப் பாத்து குடுத்திருக்கேன் தம்பி" என்றார். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஹாவர்த்தியாவை என்னிடம் கொடுத்து அனுப்பினார். "எனக்கு இனிமே அங்க வேல இல்ல" என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்த சம்பந்தியம்மா தொட்டியைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "குச்சி எங்க?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

செடி பிழைத்தது. பொங்கலுக்குப் படம் வந்தது, தைப்பூசத்துக்கு வந்தது. அக்கா வாட்ஸ்அப்பில் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, இலையின் வெள்ளை வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பங்குனி உத்திரத்துக்கு வந்த படத்தில், தாய்ச் செடியின் அடியில் ஒரு சின்னக் குட்டி எட்டிப் பார்த்தது. "நல்லா வச்சிருக்காங்க" என்றார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கொஞ்ச நேரம் தேடிவிட்டு, கைப்பேசியை மூடினார்.

அந்த மாதங்களில் அவர் ஊரெல்லாம் போய் ஜன்னல் பார்த்தார். தம்பின் சந்தைக்குப் பக்கத்தில் யாரோ கேட்டார்கள் என்று அங்கேகூடப் போனார். செண்டாயானுக்கு மட்டும் போகவில்லை. "போகலியாக்கா?" என்று என் மனைவி கேட்டால், "அதுக்கென்ன கேடு, நல்லா இருக்கு" என்பார். செடியைப் பற்றிய பதில் அது. என் மனைவி கேட்டது செடியைப் பற்றி அல்ல.

சித்திரை பிறந்து, எங்கள் வீட்டுச் செடிக்குத் தொட்டி மாற்ற வந்திருந்தார். கை மண்ணுக்குள் இருந்தபோது கைப்பேசி அடித்தது. "யாருன்னு பாருங்க தம்பி, அமுக்கி விடுங்க" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன், எங்களுக்கும் கேட்டது.

"நான்தான் சம்மந்தி பேசறேன்."

"சொல்லுங்க."

"செடி நல்லாருக்கு."

"ம். பாப்பா படம் அனுப்புச்சு."

"குச்சி வச்சுப் பாத்துதான் ஊத்துறோம்."

"ம்."

அந்தப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

"செடி நல்லாருந்தா வரமாட்டீங்களா?"

அக்கா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மண்டபத்துல நான் அப்பிடிச் சொன்னேனான்னு எனக்கே ஞாபகமில்ல" என்றது குரல். "சொல்லலன்னு சத்தியம் பண்ண மாட்டேன். சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன். அந்த வயசுல எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்."

"அஞ்சாறு வருசத்துக்கு முந்திதான சம்மந்தி" என்றார் அக்கா.

என் மனைவி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கமும் ஒரு சின்னச் சிரிப்பு கேட்ட மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கெழம பகலுக்கு வாங்க."

"கையில ஒண்ணுமில்லாம எப்பிடி வர்றது?"

"ஒண்ணும் கொண்டாராதீங்க. மண்ணும் கொண்டாராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அக்கா சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறினார். மடியில் தொட்டி இல்லை, காலடியில் மண் மூட்டை இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருமுறை கைப்பையைப் பிடித்தார், ஒருமுறை சீட்டு வாரைப் பிடித்தார். செண்டாயான் வீட்டு வாசலில் இறங்கியதும், "நீங்க வேற வேல இருந்தா பாத்துட்டு வாங்க தம்பி, நேரமாவும்" என்றார். என்னை உள்ளே வரச் சொல்லாதது அதுவே முதல் தடவை.

நான் பக்கத்துக் கடைத்தொகுதியில் தேத்தண்ணி குடித்து, செய்தித்தாள் முழுவதையும் விளம்பரம்வரை படித்து முடித்து, பிற்பகல் சாயும்போது திரும்பி வந்தேன். மகள் வெளிக்கதவு வரை வந்து வழியனுப்பினாள். சம்பந்தியம்மா வாசற்படியில் நின்று எனக்கும் கையசைத்தார்.

அக்கா ஏறி உட்கார்ந்து வாரை மாட்டிக்கொண்டார். பெரிய சாலைக்கு வந்தோம்.

"கொழம்புல உப்பே இல்ல தம்பி" என்றார்.

சமிக்ஞை விளக்கில் வண்டி நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிரஷரு இருக்குதாம் அந்தம்மாவுக்கு. அதான் கொறச்சுப் போடறாங்க. நாமதான் அனுசரிச்சுப் போவணும்."